401கே பணத்துல வீடு வாங்கி அப்பா அம்மாவ அதுல தங்க வைக்கலாமா?

வாசகர் கேள்வி:

அண்ணா, வணக்கம். டெக்ஸாஸ்ல ஃப்ரிஸ்கோ பக்கம் இருக்கோம். எனக்கு வயசு 46. பழைய கம்பெனி 401கே-ல (கம்பெனி மூலமா ஓய்வுக்குச் சேக்கற கணக்கு) 3,10,000 டாலர் சும்மா கிடக்கு. ஒரு செமினார் போனோம், அதுல செல்ஃப் டைரக்டட் ஐஆர்ஏ-க்கு (எதுல முதலீடு பண்றதுன்னு நாமளே முடிவு பண்ற தனிநபர் ஓய்வுக் கணக்கு) மாத்திட்டா அந்தக் காசுல வீடே வாங்கலாம், வாடகைக்கு டாக்ஸே கிடையாதுன்னு சொன்னாங்க. பக்கத்துலயே 3,60,000க்கு ஒரு வீடு பாத்துட்டோம். குறையுற 50,000க்கு என் பேர்ல லோன் போட்டுக்கலாம்னு இருக்கேன். வைஃப் ரியல்டர், அவங்களே ஏஜென்ட்டா இருந்தா கமிஷனும் வீட்டுக்குள்ளயே நிக்கும். பெயின்ட், ஃப்ளோரிங் எல்லாம் நானே வீக்கெண்ட்ல பண்ணிடுவேன். அப்பா அம்மா வருஷத்துல அஞ்சாறு மாசம் வந்து தங்குவாங்க, அவங்க இல்லாதப்ப ஷார்ட் டெர்ம் வாடகைக்கு விடலாம். கான்ட்ராக்ட் என் பேர்ல போட்டு எர்னஸ்ட் மணி (அட்வான்ஸ்) 3,600 டாலர் என் செக்கிங்ல இருந்து குடுத்தாச்சு. எங்க டாக்ஸபிள் இன்கம் ரெண்டு பேருக்கும் சேத்து 2,10,000 பக்கம் வரும். இதுல ஏதும் சிக்கல் இருக்கா? இது ஒர்க் ஆச்சுன்னா அடுத்து கோயம்புத்தூர்லயும் இதே மாதிரி ஒரு ஃப்ளாட் வாங்கலாம்னு யோசனை.

பதில்:

தம்பி, மத்தத அப்புறம் பேசலாம், மொதல்ல அந்த கான்ட்ராக்ட எடுத்து ஆப்ஷன் பீரியட் என்னைக்கு முடியுதுன்னு பாருங்க. டெக்ஸாஸ்ல வழக்கமான வீட்டு கான்ட்ராக்ட்ல ஆப்ஷன் ஃபீ கட்டியிருந்தீங்கன்னா, அந்த சில நாளுக்குள்ள எந்தக் காரணமும் சொல்லாம கேன்சல் பண்ணலாம், எர்னஸ்ட் மணி திரும்ப வந்துடும், ஆப்ஷன் ஃபீ மட்டும் போகும். கடைசி நாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள எழுத்துல நோட்டீஸ் போயிருக்கணும், 5:10க்கு அனுப்பிட்டு கெஞ்சி பிரயோஜனம் இல்ல. இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, நீங்க எழுதியிருக்கிற பிளான்படி இந்த வீட்ட ஐஆர்ஏ-ல வாங்கவே கூடாது, வாங்குற மாதிரி இருந்தாலும் கான்ட்ராக்ட் உங்க பேர்ல இருக்கக் கூடாது, எர்னஸ்ட் மணி உங்க பாக்கெட்ல இருந்து போயிருக்கக் கூடாது.

ஐஆர்ஏ-ல வீடு வச்சிருக்கறது தப்பில்ல, செமினார்ல அந்த ஒரு விஷயத்த சரியாத்தான் சொல்லியிருக்காங்க. 1974ல எரிசாங்கிற ஓய்வூதியச் சட்டம் வந்து ஐஆர்ஏ ஆரம்பிச்சதுல இருந்தே, எதுல முதலீடு பண்ணலாம்னு சட்டத்துல லிஸ்ட் கிடையாது, எதுல பண்ணக் கூடாதுன்னுதான் இருக்கு. லைஃப் இன்சூரன்ஸ் கூடாது, ஓவியம், ஆன்டிக், ஸ்டாம்ப், ஒயின் மாதிரி சேகரிப்புப் பொருள் கூடாது. வீடு, நிலம் அந்த லிஸ்ட்ல இல்ல. உங்க 401கே வச்சிருக்கிற பெரிய புரோக்கரேஜ்ல போய் கேட்டா முடியாதுன்னு சொல்றதுக்குக் காரணம் சட்டம் இல்ல, அவங்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம், அவ்வளவுதான். அதுக்குன்னே தனியா கஸ்டோடியன் கம்பெனிங்க (கணக்கையும் சொத்தையும் தன் பேர்ல வச்சிருக்கறவங்க) இருக்கு. பணத்த கஸ்டோடியனுக்கு கஸ்டோடியன் நேரடியா மாத்தினா டாக்ஸ் இல்ல. செக் உங்க பேர்ல வந்துச்சுன்னா 20% பிடிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, 60 நாளுக்குள்ள அந்தப் பிடிச்ச 20%யும் உங்க கையில இருந்து போட்டு முழுசா கட்டணும், அந்த வழிக்கே போகாதீங்க. வீட்டுப் பத்திரம் உங்க பேர்ல இருக்காது, இன்ன டிரஸ்ட் கம்பெனி, கஸ்டோடியன், இன்னாருடைய ஐஆர்ஏ நலனுக்காகன்னு நீளமா இருக்கும்.

இதைத்தான் நிறைய பேர் மனசுல வாங்கிக்க மாட்டேங்கிறாங்க. காசு என்னுது, நான் சேத்தது, அப்ப வீடும் என்னுதுதானேன்னு கேக்குறாங்க. இல்ல. கோயில் சொத்து மாதிரி நினைச்சுக்கோங்க. நீங்க தர்மகர்த்தா, எந்த இடத்த வாங்கலாம், யாருக்கு வாடகைக்கு விடலாம், எப்ப விக்கலாம்னு முடிவு பண்ணலாம், ஆனா கோயில் மண்டபத்துல நீங்களோ உங்க குடும்பமோ குடித்தனம் பண்ண முடியாது, கோயில் காசுல சம்பளம் எடுக்க முடியாது, கோயிலுக்குக் கைமாத்தும் குடுக்கக் கூடாது. அந்தக் கடைசி ஒண்ணு கோயில்ல புண்ணியம், இங்க தப்பு.

சட்டத்துல இது 4975ங்கிற பிரிவு. அதுல தகுதி இல்லாத ஆளுங்கன்னு ஒரு பட்டியல் இருக்கு: நீங்க, உங்க மனைவி, உங்க அப்பா அம்மா தாத்தா பாட்டி, உங்க பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க, பிள்ளைங்களோட கணவன் மனைவி, அப்புறம் இவங்க கையில 50% அல்லது அதுக்கு மேல பங்கு இருக்கிற கம்பெனிங்க. இவங்க யாருக்கும் ஐஆர்ஏ-க்கும் நடுவுல விக்கறது வாங்கறது, வாடகை, கடன், வேலை, சேவை எதுவும் நடக்கக் கூடாது. வேடிக்கை என்னன்னா கூடப் பொறந்தவங்க இந்தப் பட்டியல்ல இல்ல, அண்ணன், தங்கச்சி, சித்தப்பா, அத்தை பையன் யாரும் இல்ல. மாமனார் மாமியார் பேரும் நேரடியா இல்ல. உடனே அப்ப மாமனார தங்க வைக்கலாமான்னு கேக்காதீங்க, மறைமுகமா உங்களுக்கோ மனைவிக்கோ ஆதாயம் போனாலும் அதே பிரிவுல வேற வாசகம் இருக்கு, அவங்க அப்பா அம்மாவ சும்மா தங்க வச்சா ஆதாயம் மனைவிக்கு இல்லன்னு ஆடிட்ல யார் நிரூபிக்கிறது.

இப்ப உங்க பிளான எடுத்துக்குவோம்.

அப்பா அம்மா தங்கறது. முடியாது தம்பி. அஞ்சு மாசம் இல்ல, ஒரு ராத்திரி கூட முடியாது. மார்க்கெட் வாடகை முழுசா குடுத்து ரசீது வாங்கினாலும் முடியாது, வாடகை நியாயமா இல்லையாங்கிற கேள்வியே அங்க எழல, யார் இருக்காங்கங்கிறதுதான் கேள்வி. நாளைக்கு உங்க பையன் காலேஜ் போறப்ப அந்த வீட்ல ரூம்மேட்ஸோட இருக்கட்டும்னு நினைப்பு வந்தா அதுவும் இதே கதைதான். உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன், நீங்க வீடு தேடுற உண்மையான காரணமே அப்பா அம்மாதான்னு தெரியுது, அப்படின்னா இந்த ஒரு காரணத்துக்காகவே இது உங்களுக்கான வழி இல்ல. மீதிய படிக்காம கூட இங்கயே முடிவு பண்ணலாம்.

பெயின்ட், ஃப்ளோரிங் நானே பண்ணுவேன்னு சொன்னீங்க. காசு வாங்காம பண்றதுல என்ன தப்புன்னு எல்லாரும் கேப்பாங்க, எனக்கும் இது நியாயமான கேள்வியாத்தான் படுது, ஆனா சட்டம் சேவை குடுக்கறதையும் தடுக்குது, சம்பளம் வாங்கினீங்களான்னு மட்டும் பாக்கல. உங்க உழைப்பால ஐஆர்ஏ-வோட சொத்து மதிப்பு ஏறுது, வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம்னு இருக்கிற லிமிட்ட தாண்டி நீங்க உள்ள போட்ட மாதிரி அது ஆகுதுன்னு இன்னொரு பக்கமும் வாதம் வரும். பல்பு மாத்தினதுக்கு யாரும் உங்கள கோர்ட்டுக்கு இழுக்கப் போறதில்ல, ஆனா வீடு முழுக்க ஃப்ளோரிங் போடறது பல்பு மாத்தறது இல்ல. கான்ட்ராக்டர வைங்க, பில் ஐஆர்ஏ பேர்ல வரட்டும், காசு ஐஆர்ஏ-ல இருந்து போகட்டும். எந்தக் கலர்னு மட்டும் நீங்க சொல்லிக்கலாம்.

மனைவி கமிஷன். 3%ன்னு வச்சா 10,800 டாலர், ஆசையாத்தான் இருக்கும். ஐஆர்ஏ பண்ற டீல்ல அவங்க ஒரு டாலர் கூட வாங்கக் கூடாது. இதுக்குக் கிட்டத்தட்ட பொருந்துற கேஸ் ஒண்ணு இருக்கு. எல்லிஸ்னு ஒருத்தர், 2005ல தன் ஐஆர்ஏ-ல இருந்த மூணு லட்சத்துக்கு மேல எடுத்து ஒரு எல்எல்சி-ல (ஒரு வகை தனியார் கம்பெனி) போட்டு, அது மூலமா பழைய கார் விக்கற பிசினஸ் ஆரம்பிச்சார், அதுல அவரே மேனேஜர், அவருக்குச் சம்பளம். முதல் வருஷம் வாங்கின சம்பளம் 10,000 டாலர்கூட இல்ல. அந்தச் சின்னச் சம்பளத்துக்காக மொத்த ஐஆர்ஏ-வும் கலைஞ்சு போனதா டாக்ஸ் கோர்ட் 2013ல சொல்லிச்சு, 2015ல அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. தப்போட சைஸுக்கும் தண்டனையோட சைஸுக்கும் இங்க சம்பந்தமே இல்ல, அதுதான் இந்தப் பிரிவுல எனக்குப் பிடிக்காத விஷயமும், பயப்பட வேண்டிய விஷயமும்.

அந்தத் தண்டனை உங்க நம்பர்ல எவ்வளவுன்னு போட்டுப் பாக்கலாம். தடை பண்ணின ஒரு காரியம் நடந்துட்டா, அது அக்டோபர்ல நடந்திருந்தாலும், அந்த வருஷம் ஜனவரி 1ம் தேதியே உங்க ஐஆர்ஏ ஐஆர்ஏ-வா இல்லாம போயிடுச்சுன்னு கணக்கு. தப்பு நடந்த பங்கு மட்டும் இல்ல, அந்த அக்கவுண்ட் முழுக்க. 3,10,000 உங்க வருமானத்துல ஏறும். உங்க டாக்ஸபிள் இன்கம் 2,10,000 மேல அது உக்காந்தா 2025 ஜாயின்ட் ஃபைலிங் பிராக்கெட்படி 24%ல கொஞ்சம், 32%ல கொஞ்சம், கடைசி கொஞ்சம் 35%ல, ஆக மொத்தம் 85,000 டாலர் பக்கம் வரும். 59½ வயசு ஆகலங்கறதால இன்னும் 10%, அது 31,000. டெக்ஸாஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்ல, கலிஃபோர்னியா வாசகர்கள் அதையும் சேத்துக்கணும். 1,16,000 டாலர், கையில ஒரு பைசா வராம, காசெல்லாம் செவுத்துலயும் கூரையிலயும் இருக்கறப்போ. வட்டி, பெனால்ட்டி தனி. பல வருஷம் கழிச்சுத்தான் இது வெளிய வரும்ங்கறதால வட்டி சின்னதா இருக்காது.

லோன் விஷயம்தான் இதுல பெரிய கண்ணி. உங்க பேர்ல லோன் போட்டோ, கியாரண்டி கையெழுத்துப் போட்டோ ஐஆர்ஏ-க்கு வீடு வாங்கக் கூடாது, அது நீங்க ஐஆர்ஏ-க்குக் கடன் உதவி பண்ணின மாதிரி. பீக் கேஸ்னு ஒண்ணு, ரெண்டு பேர் 2001ல அவங்க ஐஆர்ஏ பணத்துல ஒரு கம்பெனி ஆரம்பிச்சு அது மூலமா ஒரு பிசினஸ வாங்கினாங்க, அந்தக் கம்பெனி கடனுக்குப் பர்சனல் கியாரண்டி போட்டாங்க. 2006ல நல்ல லாபத்துக்கு வித்தாங்க. 2013ல தீர்ப்பு: கியாரண்டி போட்டதே தடை பண்ணின காரியம், அந்தக் கியாரண்டி வருஷாவருஷம் தொடர்ந்ததால தப்பும் தொடர்ந்துச்சு, லாபம் எல்லாத்துக்கும் டாக்ஸ் கட்டுங்கன்னு. அவங்க கடன ஒழுங்காக் கட்டினாங்களா, பேங்க் கியாரண்டிய கேட்டு வந்துச்சாங்கறதெல்லாம் விஷயமே இல்ல, கையெழுத்து இருந்துச்சு, அது போதும்.

அப்ப ஐஆர்ஏ கடனே வாங்க முடியாதான்னா முடியும், நான் ரிகோர்ஸ் லோன்னு ஒரு வகை இருக்கு, கட்டலன்னா அந்த வீட்ட மட்டும் எடுத்துக்கலாம், உங்க மேலயோ ஐஆர்ஏ-வோட மத்த சொத்து மேலயோ வர முடியாது. குடுக்கறவங்க கம்மி, டவுன் பேமென்ட் 35, 40% கேப்பாங்க, வட்டியும் வழக்கமான மார்ட்கேஜ விட கூட. உங்க கேஸ்ல 50,000 தான்ங்கறதால டவுன் பேமென்ட் பிரச்சனை இல்ல. ஆனா செமினார்ல சொல்லாம விட்டது இங்கதான் வருது. கடன் வாங்கி வாங்கின சொத்துல, கடன் பங்குக்கு வர்ற வருமானத்துக்கு ஐஆர்ஏ-வே டாக்ஸ் கட்டணும். 3,60,000ல 50,000ன்னா 14% பக்கம், அந்த அளவு வாடகை மொத்தமா 1,000 டாலர் தொட்டாலே 990-டி ஃபார்ம் ஃபைல் பண்ணணும், ஐஆர்ஏ-க்குன்னு தனி நம்பர் எடுக்கணும், அந்த டாக்ஸும் ஐஆர்ஏ காசுலதான் போகணும். ரேட்டும் டிரஸ்ட் ரேட், 2025ல 15,650 டாலர் தாண்டினதுமே 37%. உங்க 14%க்கு வருஷாவருஷம் வர்ற டாக்ஸ் பெருசா இருக்காது, செலவு, தேய்மானம் கழிச்சா சில வருஷம் சைபர் கூட ஆகலாம், ஃபார்ம் நிரப்பற ஃபீஸ்தான் டாக்ஸ விட கூட வரும். விக்கறப்பதான் லாபத்துலயும் அந்தப் பங்குக்கு டாக்ஸ் கேப்பாங்க. கடன முழுசா அடைச்சு 12 மாசம் தாண்டி வித்தா அது வராது, இது கடன் இருக்கிறவங்க கண்டிப்பா ஞாபகம் வச்சுக்க வேண்டிய ஒண்ணு.

50,000த்த கடனா இல்லாம உங்க சொந்தக் காசா போட்டு, ஐஆர்ஏ 86%, நீங்க 14%ன்னு ஆரம்பத்துலயே பங்கா வாங்கறதுன்னு ஒரு வழி சொல்வாங்க. முதல் நாள்ல இருந்தே பத்திரத்துல பங்கு தெளிவா இருந்தா நடைமுறையில பண்றாங்க. ஆனா அப்புறம் வர்ற ஒவ்வொரு பில்லும் 86க்கு 14, ஒவ்வொரு வாடகையும் 86க்கு 14, பின்னாடி ஒருத்தர் பங்க இன்னொருத்தருக்கு விக்க முடியாது, 14% என்னுதுன்னு நீங்களோ அப்பா அம்மாவோ போய்த் தங்கவும் முடியாது. எனக்கு இது பிடிச்ச ஏற்பாடு இல்ல.

சரி, கடனும் வேண்டாம், 3 லட்சத்துக்கு ஒரு வீடு ரொக்கமா வாங்குறீங்கன்னு வைங்க. டெக்ஸாஸ்ல பிராப்பர்ட்டி டாக்ஸ் கிட்டத்தட்ட 2% ஆகிற ஊர்ங்க இருக்கு, ஆறாயிரம் அங்கயே போச்சு, இன்சூரன்ஸ், எச்ஓஏ (குடியிருப்புச் சங்கக் கட்டணம்) தனி. ஜூலை மாசத்துல ஏசி போகுது, மாத்தறதுக்கு 9,000, ஐஆர்ஏ-ல கேஷ் 4,000 தான் இருக்கு, டெனன்ட் 104 டிகிரில உக்காந்துக்கிட்டு ஃபோன் மேல ஃபோன் பண்றார். உங்க செக்கிங்ல 40,000 இருக்கு, ஆனா அதுல இருந்து நேரா கட்ட முடியாது. ஐஆர்ஏ-க்கு வருஷாந்தர லிமிட்ல தான் போட முடியும், 50 வயசுக்குக் கீழ 2025க்கு 7,000, 2026க்கு 7,500, அதுவும் உங்க எல்லா ஐஆர்ஏ-வும் சேத்து, பேக்டோர் ராத்துக்கு (சாதாரண ஐஆர்ஏ-ல போட்டு, டாக்ஸ் கட்டின காசு இருக்கற ராத் ஐஆர்ஏ-க்கு மாத்தற வழி) ஏற்கனவே போட்டிருந்தா அதுவும் காலி. அதனாலதான் வீட்டு விலை போக நல்லா கணிசமா கேஷ் உள்ளயே இல்லாம ஐஆர்ஏ-ல வீடு வாங்காதீங்கன்னு சொல்றது, இருக்கிற காச மொத்தமா வீட்டுல போடறவங்கதான் அவசரத்துல சொந்தக் கார்டத் தேச்சு மாட்டிக்கிறாங்க.

வாடகைக்கு டாக்ஸே கிடையாதுங்கறது பாதி உண்மை. வர்ற வருஷம் டாக்ஸ் இல்ல, வெளிய எடுக்கறப்போ முழுசுக்கும் சாதாரண வருமான ரேட்ல உண்டு. அது டாக்ஸ் கட்டாத காசு, எப்படியும் எடுக்கும்போது கட்டித்தான் ஆகணும், அத வீட்டுக் குத்தமா சொல்ல முடியாது. ஆனா இந்த நாட்டுல வீட்டுக்குன்னு சட்டம் தனியா குடுக்கற சலுகைங்க இருக்கே, 27½ வருஷத் தேய்மானம், விக்கறப்ப கம்மியான கேபிடல் கெயின்ஸ் ரேட், நம்ம காலத்துக்கு அப்புறம் பிள்ளைங்களுக்குப் போறப்ப அன்னைக்கு மார்க்கெட் விலைக்கே அடக்கவிலை ஏறிக்கிற வசதி, இது எல்லாத்தையும் ஐஆர்ஏ-க்குள்ள வீட்ட வச்சு நீங்களே தூக்கி எறியறீங்க. ஸ்டாக் ஃபண்டுக்கு ஐஆர்ஏ நல்ல கூடு, ஏற்கனவே சலுகையோட இருக்கிற வீட்டுக்கு அது தேவையே இல்லன்னு என் அபிப்ராயம், வேற ஆலோசகர் வேற மாதிரி சொல்லலாம்.

வயசான பிறகு இன்னொரு தொல்லை. 1960லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்களுக்கு 75 வயசுல இருந்து வருஷாவருஷம் கட்டாயமா கொஞ்சம் எடுக்கணும், எடுக்கலன்னா குறையற தொகைக்கு 25% அபராதம், சீக்கிரம் சரி பண்ணினா 10%. வீட்டுல இருந்து சமையல்கட்ட மட்டும் பிச்சு எடுக்க முடியாதே. வேற ஐஆர்ஏ-ல கேஷ் இருந்தா அதுல இருந்து எடுத்து சமாளிக்கலாம், இல்லன்னா பத்திரத்துல பங்கு பங்கா உங்க பேருக்கு மாத்தணும், ஒவ்வொரு வாட்டியும் அப்ரைசல். எப்படியும் வருஷாவருஷம் வீட்டோட மார்க்கெட் மதிப்ப கஸ்டோடியனுக்குச் சொல்லணும், அது 5498 ஃபார்ம்ல வரித்துறை ஐஆர்எஸ்-க்குப் போகுது, இது ரியல் எஸ்டேட்ங்கறதுக்குத் தனிக் கோடே போட்டுத்தான் போகுது.

செமினார்ல அடுத்த கட்டமா செக்புக் எல்எல்சி-ன்னு ஒண்ணு விக்க வருவாங்க, ஐஆர்ஏ ஒரு எல்எல்சி-ய வாங்கும், எல்எல்சி-க்கு நீங்க மேனேஜர், செக் புக் உங்க கையில, கஸ்டோடியன கேக்காம செலவு பண்ணலாம்னு. அமைப்ப கோர்ட் அப்படியே தப்புன்னு சொல்லல. ஆனா செக் புக் கைக்கு வந்ததும் மனுஷன் புத்தி எப்படிப் போகும்னு மெக்நல்டி கேஸ்ல பாக்கலாம், ஐஆர்ஏ-வோட எல்எல்சி மூலமா வாங்கின தங்கக் காச வீட்டு சேஃப்ல வச்சுக்கிட்டாங்க, 2021 நவம்பர்ல டாக்ஸ் கோர்ட் அது எடுத்துக்கிட்ட மாதிரிதான்னு சொல்லிடுச்சு. அப்புறம் கஸ்டோடியன் எல்லாம் சரி பாப்பாங்கன்னு நம்பாதீங்க, அவங்க காகிதம் நிரப்பி ஃபீஸ் வாங்கறவங்க, இந்த டீல் சரியா, விக்கறவன் யோக்கியனான்னு பாக்கறது அவங்க வேலை இல்ல. இத வச்சே ஏமாத்தறாங்கன்னு முதலீட்டுச் சந்தையக் கண்காணிக்கற எஸ்இசி 2011லயே எச்சரிக்கை விட்டிருக்கு.

ஷார்ட் டெர்ம் வாடகை பத்தி ஒரு வார்த்தை: சும்மா மாச வாடகைன்னா ஐஆர்ஏ-க்கு டாக்ஸ் இல்ல, தினம் பெட்ஷீட் மாத்தி, கிளீனிங், ஹோட்டல் மாதிரி சேவை குடுத்தா அது பிசினஸ் வருமானம்னு டாக்ஸுக்குள்ள வர வாய்ப்பு இருக்கு.

கோயம்புத்தூர் ஃப்ளாட்டுக்கு வர்றேன். அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டுச் சொத்து கூடாதுன்னு சொல்லல, தடுக்கறது நம்ம ஊர் அந்நியச் செலாவணிச் சட்டம் ஃபெமா. என்ஆர்ஐ-யோ ஓசிஐ-யோ தன் பேர்ல வீடு, கடை வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் கூடாது. ஆனா ஐஆர்ஏ வாங்கணும்னா பத்திரம் அமெரிக்க டிரஸ்ட் கம்பெனி பேர்லயோ இங்க பதிவு பண்ணின எல்எல்சி பேர்லயோ இருக்கணும், அது இந்தியாவப் பொறுத்தவரை வெளிநாட்டு நிறுவனம், ரிசர்வ் பேங்க் அனுமதி இல்லாம அங்க ஃப்ளாட் வாங்க முடியாது. உங்க பேர்ல பத்திரம் போட்டா ஃபெமா சரியா இருக்கும், ஆனா அது ஐஆர்ஏ சொத்து இல்ல, ஐஆர்ஏ-ல இருந்து நீங்க காசு எடுத்த மாதிரி, டாக்ஸும் 10%யும் வரும். அந்த யோசனைய விட்டுடுங்க. ஃப்ளாட் வேணும்னா சேமிப்புல இருந்து உங்க பேர்ல வாங்குங்க.

நான் உங்க இடத்துல இருந்தா இப்படிப் போவேன். பழைய 401கே-வ இப்ப வேலை பாக்கற கம்பெனி 401கே-க்கு மாத்த விடுவாங்களா, அந்த பிளான்ல லோன் வசதி இருக்கான்னு எச்ஆர்ல கேளுங்க. ரெண்டும் ஆமான்னா, மாத்தின பிறகு 50,000 டாலர் வரைக்கும் அதுல இருந்து கடனா எடுக்கலாம், டாக்ஸ் இல்ல, பெனால்ட்டி இல்ல, வட்டியும் உங்க அக்கவுண்டுக்கே போகுது, பொதுவா அஞ்சு வருஷத்துல திருப்பிக் கட்டணும். அத உங்க சேமிப்போட சேத்து டவுன் பேமென்ட்டா வச்சு, மீதிக்கு சாதாரண மார்ட்கேஜ் போட்டு, வீட்ட உங்க பேர்லயே வாங்குங்க. அப்ப அப்பா அம்மா தங்கலாம், நீங்க இஷ்டத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம், மனைவி கமிஷன் வாங்கலாம், பேங்க் கேட்டா கியாரண்டியும் போடலாம். மீதி 2,60,000 சந்தையில இருக்கட்டும். ரெண்டு எச்சரிக்கை இருக்கு: வேலை விட்டா அந்த வருஷ டாக்ஸ் ரிட்டர்ன் கெடுவுக்குள்ள பாக்கிக் கடன அடைக்கணும், இல்லன்னா அது எடுத்த பணமா ஆகிடும், இப்ப டெக் கம்பெனிங்க ஆள் குறைக்கிற வேகத்துல இத லேசா எடுத்துக்க வேண்டாம். இன்னொண்ணு, அப்பா அம்மா வாடகை இல்லாம தங்கற நாளெல்லாம் டாக்ஸ் கணக்குல நீங்க தங்கின நாள்தான், அஞ்சு மாசம்னா அந்த வீட்டு வாடகைக்கு எதிரா கழிக்கற செலவுக்கு உச்சவரம்பு வந்துடும். நஷ்டம் காட்டிச் சம்பளத்துல கழிக்கலாம்னு கணக்குப் போட்டிருந்தா அத அழிச்சுடுங்க.

செல்ஃப் டைரக்டட் ஐஆர்ஏ யாருக்குமே ஆகாதுன்னு சொல்லல. பெரிய ஐஆர்ஏ, அதுல ஒரு சின்ன பங்குக்கு ரொக்கமா வீடு, வேற ஊர்ல, பிராப்பர்ட்டி மேனேஜர் கையில, குடும்பத்துல யாரும் எட்டிப் பாக்காம, முடிஞ்சா ராத் ஐஆர்ஏ-ல, கேஷ் தனியா, இப்படி வச்சிருக்கறவங்க நிம்மதியா இருக்காங்க. ரியல் எஸ்டேட்ல கொஞ்சம் இருந்தா நல்லா இருக்கும்னு மட்டும் தோணினா உங்க இப்போதைய அக்கவுண்ட்லயே ரீட் ஃபண்ட் (ரியல் எஸ்டேட் கம்பெனிங்க பங்குல போடற ஃபண்ட்) இருக்கும், அதுல போடுங்க, ஏசி ரிப்பேர் பண்ண வேண்டியதில்ல.

ஒண்ணு விட்டுப் போச்சு. மனைவி ரியல்டர்னா அவங்களுக்குச் சொந்தத் தொழில் வருமானம், ஆள் யாரையும் வேலைக்கு வைக்கலன்னா அவங்க பேர்ல சோலோ 401கே ஆரம்பிக்கலாம். வீட்டுக் கடன் பங்குக்கு வர்ற அந்த டாக்ஸ் 401கே-க்கு, சில நிபந்தனையோட, கிடையாது, ஐஆர்ஏ-க்கு மட்டும்தான் அந்தத் தொல்லை. உங்க பழைய 401கே-வ அதுக்குள்ள மாத்த முடியாது, அவங்க சம்பாதிச்சதத்தான் போடணும், 4975 விதியும் அப்படியே இருக்கு, ஆனா கமிஷன் நல்லா வர்ற வருஷத்துல கணிசமா போடலாம், உங்க டாக்ஸும் குறையும். அவங்க போன வருஷ ஷெட்யூல் சி-ல (சொந்தத் தொழில் வரவு செலவு காட்டற டாக்ஸ் ஃபார்ம்) நிகர லாபம் எவ்வளவுன்னு எழுதுங்க, எவ்வளவு போடலாம்னு கணக்குப் போட்டுச் சொல்றேன். ஆனா மொதல்ல அந்த ஆப்ஷன் பீரியட் தேதியப் பாருங்க.